விசில் டீச்சரின் நாற்காலி

பெண்கள் பள்ளியில் அவள் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் நகை இருக்கிறதோ இல்லையோ, கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். அதனால் மாணவிகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும், ஏன், அவள் குடியிருந்த தெருவுக்கும்கூட அவள் விசில் டீச்சர்தான். அவள் கல்யாணத்துக்குப் போன மாணவிகள் மணப்பெண் கழுத்தில் விசிலைக் காணாமல் ஏமாந்துபோனார்களாம். கட்டிவிட்ட கதையாக இருக்கலாம், ஆனால் அவளைப் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

நடை என்றால் அப்படி ஒரு நடை. கூட வருகிறவர்கள் ஓடினால்தான் ஈடுகொடுக்க முடியும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் அம்மாவே அலுத்துக்கொண்டதுண்டு. மாதாமாதம் வயிற்றுவலி என்று மைதானத்து ஓரத்தில் சுருண்டு உட்காரும் பெண்களிடம் அவளுக்கு இரக்கமே கிடையாது. "இது நோயில்லடி. எழுந்திரு, நாலு சுத்து நட, வலி ஓடிப்போயிடும்" என்பாள். அவர்களும் முனகிக்கொண்டே நடப்பார்கள். பாதிப் பேருக்கு வலி நிஜமாகவே ஓடிவிடும். மீதிப் பேர் டீச்சருக்குப் பயந்து ஓடிவிட்டதாகச் சொல்வார்கள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. குடிவந்த நாளிலிருந்து அது தரைத்தளத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அது வேறு கம்பெனி லிஃப்ட், கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்பான். ஊருக்குத்தான் உபதேசம் என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். வீடு நாலாவது மாடியில். அவள் ஒருத்திதான் அந்தப் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் ஏறி இறங்கியவள்.

மாமியார் சலவைக் கம்பெனியில் இஸ்திரி போட்டே ஆயுளில் பாதியைக் கழித்தவள். இரண்டு பிள்ளைகளை வயிற்றில் சுமந்தபோதும் நின்றுகொண்டுதான் இஸ்திரி போட்டாள். இப்போது எழுந்தாலும் உட்கார்ந்தாலும் இரண்டு முட்டியும் எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் போடும். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு கசந்திருக்காது. திட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம்.

முதல் கரு மூன்றாவது மாதத்தில் கலைந்தது. விளையாட்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ரிலே ஓடும் பெண்களுக்குக் கட்டையைக் கைமாற்றத் தெரியவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவளே ஒருத்தியின் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டு ஓடிக் காட்டினாள். அந்த வாரத்திலேயே ரத்தம் கண்டது.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "கருவே சரியா உண்டாகலம்மா. நீங்க ஓடியிருந்தாலும் போயிருக்கும், படுத்தே கிடந்திருந்தாலும் போயிருக்கும். நிறையப் பேருக்கு நடக்கறதுதான். உங்க தப்பு ஒண்ணுமே இல்ல."

சாத்திய கதவுக்கு வெளியே, மருந்து வாடை அடிக்கும் வராந்தாவில், மாமியார் உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தைகளை அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இவள் சொன்னபோது, அவை டாக்டரின் வார்த்தைகளாக இல்லாமல் இவளுடைய வார்த்தைகளாகிவிட்டன. குற்றம் சுமத்தப்பட்டவளே தனக்குச் சாட்சி சொன்னால் எடுபடுமா? மாமியார் வாதாடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

"ஓடினா. போச்சு."

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இவள் சமையலறையில் நின்று அவர்களுக்குத் தேநீர் கலந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை உண்டானபோது அவள் முன்யோசனையோடு புருஷனையும் டாக்டர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள் டாக்டரம்மா. "தினம் சாயங்காலம் நல்லா நடங்க. பேசிக்கிட்டே நடக்க முடியற வேகம் இருந்தாப் போதும். ஓடறது, குதிக்கறது மட்டும் இப்ப வேண்டாம். உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன?" இவளுக்கு அங்கேயே விசிலை எடுத்து ஊதலாம் போலிருந்தது. புருஷன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து அம்மா சொன்னதற்கும் அதே மாதிரி தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் யாருக்கும் குறைவைத்ததில்லை.

மாமியார் செய்தது வேறு. கடைத்தெருவுக்குப் போய்க் கைவைத்த பிரம்பு நாற்காலி ஒன்றை வாங்கினாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சுவாங்கி, அதை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் போட்டு, முதுகுக்கு மெத்தை வைத்தாள்.

"எனக்கு ஒருத்தரும் ஒரு நாற்காலி போடலம்மா. வலி வர்ற வரைக்கும் நிக்க வெச்சாங்க. நீ உக்காரு."

கிழவியின் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அப்படிக் கொண்டுவந்த நாற்காலியை வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவள் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு நாற்காலி தயாராக இருந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். போன தடவை நடந்தது எல்லாருக்கும் தெரியும். மறுபடி ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்க என்னைக் கேப்பாங்க. வயித்தைத் தள்ளிக்கிட்டு நீங்க மைதானத்துல நிக்கறதும் பொண்ணுங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

"நிக்கறதுக்கும் நடக்கறதுக்கும் டாக்டர் ஒண்ணும் சொல்லலையே மேடம்."

"டாக்டரா இங்க வந்து பதில் சொல்லப்போறாங்க?"

விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் அவளை உட்கார வைத்தார்கள். காற்றுப்போன பந்துகள், வலை, கிழிந்த பாய்கள், அவள். வெளியே ஓவிய டீச்சர் குடை பிடித்துக்கொண்டு பெண்களை ஓடச்சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டை கீழே விழும் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நடக்கக் கூடாதே தவிர, வீட்டில் தரை துடைக்கலாம். துணி துவைத்து ஈரத்தோடு மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். பாத்திரம் தேய்க்கலாம். ஒரு நாள் அவள் கேட்டே விட்டாள்.

"அத்தை, துணி வாளியோட மாடி ஏறலாம். கையை வீசிக்கிட்டுத் தெருவுல நடக்கக் கூடாதா?"

"அது வேலை. வேலை செஞ்சா உடம்புக்கு நல்லது. இது ஆட்டம்."

வேலைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் மாமியார் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள். மாமியார் மட்டும் கிழித்த கோடு இல்லை அது. ஒரு நாள் சாயங்காலம், நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியபோது தெருவுக்கும் அதே கோடு இருப்பதைக் கண்டாள். நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் வயிற்றைப் பார்த்தார்கள், அப்புறம் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் வெறும் கையைப் பார்த்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி கையில் பை இல்லாமல் தெருவில் நடந்தால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம் போலிருக்கிறது. தையல்கடைக்காரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீத்துக்கலாம்மா. இந்த நேரத்துல கோபம் ஆகாது. வீட்டுக்குப் போ."

வீடு திரும்பும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வந்தவளுக்குப் படியேறும்போது யோசனையும் வந்தது. இந்த ஊரில் கையில் பை இருந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம்.

மறுநாளிலிருந்து அவள் கடைக்குப் போனாள். சொந்தத் தெருவில் இருக்கும் கடைகளைத் தாண்டி, கோடவுன் சுவரைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு. அங்கேதான் சோப்பு நயமாக இருக்கிறது என்றாள். போய்த் திரும்பி வந்ததும் தலையில் அடித்துக்கொள்வாள். "அய்யோ, உப்பு மறந்துட்டேன் அத்தை." உப்பு வாங்கப் போனால் தீப்பெட்டி மறந்துபோகும். தீப்பெட்டிக்குப் போனால் சர்க்கரை. பள்ளியில் ஆயிரம் பெண்களின் முகத்தை நினைவில் வைத்திருந்தவளுக்கு வீட்டில் நாலு சாமான் நினைவில் நிற்கவில்லை.

"கர்ப்பிணிக்கு மறதி சகஜம்தான்" என்று மாமியார் பரிதாபப்பட்டாள். கடைக்குப் போவது வேலை. வேலைக்கு அவள் தடை சொல்லவில்லை.

அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ராத்திரி நன்றாகத் தூங்கினாள். இடுப்புவலி இல்லை. வயிற்றுக்குள் குழந்தை முதல்முதலாக அசைந்தது அந்தக் கோடவுன் சுவர் ஓரத்தில்தான். கையில் ஒரு சோப்புக்கட்டியோடு நின்று, சுவரைப் பார்த்துச் சிரித்தாள். தனக்குள் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தாள். நடந்து நடந்தே இந்தப் பிள்ளையைப் பெற்றுவிட்டால் போதும், முதல் பிள்ளைக்கான பழி தானாக விழுந்துவிடும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்காது. பிள்ளையை மாமியார் மடியில் போட்டுவிட்டு, இதை நான் நடந்து பெற்றேன் அத்தை என்று சொன்னால் தீர்ந்தது.

அந்தக் கணக்கைக் கெடுத்தது கடைக்காரரின் நல்ல மனசு.

அவர் ஒரு நாள், அவள் "மறந்து" விட்டுப் போன சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, விசாரித்துக்கொண்டு, நாலு மாடியும் ஏறி வந்துவிட்டார். அவள் அப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே வந்தபோது அவர் மாமியாரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்றேன்னு வருத்தப்படாதீங்கம்மா. உங்க மருமகளுக்கு மறதி ரொம்ப அதிகமா இருக்கு. ஒரு சாயங்காலத்துக்குள்ள சோப்புக்கு ஒரு தடவை, உப்புக்கு ஒரு தடவை வர்றாங்க. அவ்வளவு தூரம் பாவம் வயித்தைத் தூக்கிக்கிட்டு. உடம்புல ரத்தம் இருக்கான்னு பாருங்க. இனிமே ஒரு போன் போடுங்க, நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

மாமியார் படிக்காதவள். முட்டாள் இல்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்தினாள்.

"நம்ம தெருவுலயே கடை இருக்கே?"

இவள் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.

"பொய் சொல்லிட்டு நடந்தியா?"

"டாக்டர் நடக்கச் சொன்னாங்க அத்தை."

கிழவி சத்தம் போட்டிருந்தால் இவளும் சத்தம் போட்டிருப்பாள். கிழவி அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பிரம்பு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒண்ணு போனது பத்தலையா உனக்கு? என்னை எதுவேணா சொல்லு. அந்தப் புள்ளை உன்ன என்ன பண்ணுச்சு?"

புருஷன் வேலையிலிருந்து வந்தான். கையில் கிரீஸ் கறையோடு நடுவில் நின்றான்.

"டாக்டர் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள் இவள்.

"இருந்தேன். அவங்க பொதுவா எல்லாருக்கும் சொல்றது அது." அவன் கறையைத் துடைத்துக்கொண்டே பேசினான். "கொஞ்ச நாள்தானே? அடங்கி உக்காந்தா என்ன கொறஞ்சு போயிடும்? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

என் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதும் அவள் விட்டுக்கொடுத்திருக்கமாட்டாள். மைதானத்தில் வளர்ந்த பிடிவாதம் அது. ஆனால் மறுநாள் பள்ளியிலிருந்து வந்து படியேறும்போது அடிவயிற்றில் சுண்டி இழுத்தது. கருப்பை வளரும்போது அப்படி இழுக்கும் என்று அவள் படித்திருக்கிறாள், மாணவிகளின் அக்காமார்களுக்குச் சொல்லியும் இருக்கிறாள். படித்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போனதோ. படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'ஒருவேளை' என்று ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை அத்தை சொல்வது சரியாக இருந்தால்? ஒருவேளை அன்றைக்கு அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டு ஓடாமல் இருந்திருந்தால்?

வீட்டுக்குள் போய் நேராக நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது. நடந்திருந்தாலும் போயிருக்கும். ஆனால் அவள் உட்கார்ந்திருந்தபோது போயிற்று. மாமியாராலோ புருஷனாலோ உட்கார வைக்க முடியாதவளை அந்த ஒருவேளை உட்கார வைத்துவிட்டது.

பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்கூட்டியே விடுப்புப் போட்டாள். தலைமையாசிரியை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். தரை துடைப்பதையும் துணி துவைப்பதையும்கூட மாமியார் தன் முட்டியோடு தானே எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் சாமான் கொண்டுவந்து கொடுத்தார். கால் இரண்டும் வீங்கின. ராத்திரியில் தூக்கம் வரவில்லை. குளியலறை வரைக்கும் போய்வந்தால் மூச்சு வாங்கியது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் பையோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பரிசோதனையில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது.

"சில பேருக்கு என்ன பண்ணாலும் ஏறும். ஆனா நடந்தா அது ஒரு பிடிமானம். நடக்கச் சொன்னேன்ல?" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டாள்.

இவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தை, அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டாள்.

பிரசவம் லேசில் முடியவில்லை. வலி நின்று நின்று வந்தது, குழந்தை இறங்கவில்லை. கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. உருண்டு திரண்டு, கன்னமெல்லாம் மடிப்பாக இருந்தது. "எடை கொஞ்சம் ஜாஸ்தி. சர்க்கரையால வந்தது. குழந்தைக்கும் ரத்தத்துல பாத்துக்கிட்டே இருக்கணும்" என்று டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து சொன்னாள். இந்த முறை மாமியார் தன் காதாலேயே கேட்டாள். எடை ஜாஸ்தி என்ற இரண்டு வார்த்தையை மட்டும் கேட்டாள்.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க எப்படி இருக்குன்னு. உக்காந்தா. பொழச்சுது."

தையல் பிரிக்காத வயிற்றோடு படுத்திருந்தவளின் காதில் அது விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. ஓடினாள், போயிற்று. உட்கார்ந்தாள், பிழைத்தது. முதல் பிள்ளையை அவள்தான் கொன்றாள் என்பதற்கு இதுவரை வெறும் பேச்சுதான் இருந்தது. இப்போது தொட்டிலில் சாட்சி கிடந்தது. அந்தச் சாட்சியை மாதக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். தையல் வலிக்கிறது போல என்று புருஷன் நர்ஸைக் கூப்பிடப் போனான்.

குழந்தை தவழத் தொடங்கிய சமயத்தில் நாத்தனார் உண்டானாள். பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள், தொலைபேசி அலுவலகத்தில் வேலை. தினமும் தோழிகளோடு ஏரிக்கரையில் நடக்கிறவள். அன்றைக்கும் நடக்கப் போகிற வழியில் நல்ல சேதியைச் சொல்ல வந்திருந்தாள். வாசலில் அவளுடைய நடைச் செருப்பு கிடந்தது. உள்ளே மாமியார், மூலையில் தள்ளி வைத்திருந்த பிரம்பு நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் நடக்கலாம்னுதாம்மா சொன்னாங்க" என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணிக்கும்தான் சொன்னாங்க. அவளையே கேளு."

நாத்தனார் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அண்ணி. இதெல்லாம் படிச்சவங்க நீங்கதானே."

விசில் டீச்சர் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். மைதானத்தில் பேசுகிற குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நட. டாக்டர் சொன்னபடி நட. உக்காந்தா நல்லதுன்னு யாரு சொன்னாலும் கேக்காத. நான் உக்காந்தேன், சக்கரை ஏறுச்சு, கால் வீங்குச்சு. நடந்தா ஒண்ணும் ஆகாது."

மாமியார் நாற்காலிக் கையைத் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்தாள். தரையில் கொழுகொழுவென்று தவழ்ந்துபோகும் குழந்தையை நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப மொதல் குழந்தை, அண்ணி?"

"அதுக்கும் ஓடினதுக்கும் சம்பந்தமில்ல."

"அது எப்படி நிச்சயமாச் சொல்றீங்க? நீங்களே ரெண்டாவது தடவை உக்காந்துட்டீங்களே."

நடந்து பெற்ற ஒரு பிள்ளைதான் அதற்குப் பதில். அது அவளிடம் இல்லை.

நாத்தனார் வாசலில் கிடந்த செருப்பை ஒரு முறை பார்த்தாள். "இந்த ஒரு தடவைக்கு மட்டும் அண்ணி. ஒருவேளை ஏதாவது ஆயிட்டா?" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மாமியார் அவள் முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சரிசெய்தாள்.

"நல்லாச் சாஞ்சு உக்காரும்மா."